மஞ்சப்பையில் 23 மாத்திரை அட்டைகள்: கொருக்குப்பேட்டை முதிய தம்பதியின் மருத்துவச் செலவு – நிகழ்வு ஆய்வு

இந்தக் குடும்பத்தோடு 2024 ஆகஸ்ட் முதல் 2025 ஆகஸ்ட் வரை மூன்று பேர் வேலை செய்தோம்: ஒரு மருத்துவர், ஒரு மருந்தாளுநர், ஒரு மருத்துவ சமூகப் பணியாளர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம். ரூபாய்க் கணக்கு மருமகள் எழுதி வைத்த நோட்டிலிருந்தும் அவர் சேர்த்து வைத்த பில்களிலிருந்தும் எடுத்தது.

குடும்பம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டு அறை கொண்ட வாடகை வீடு, ஆறு பேர். அம்மாவுக்கு 67 வயது. காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்றவர். முழங்கால் வலி தாங்காமல் 2022இல் விட்டுவிட்டார். சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள், இரத்த அழுத்தம் வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. அவர் கணவருக்கு 72 வயது. துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சுமை தூக்கியவர் என்பதால் ஓய்வூதியம் கிடையாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன.

மகன் மினி லாரி ஓட்டி மாதம் சுமார் 17,000 ரூபாய் கொண்டுவருகிறார். மருமகள் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்து 6,500 ரூபாய். பெரியவருக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். மொத்தம் 24,700. வாடகை மட்டும் 5,500. பேத்திக்கு 13 வயது, பேரனுக்கு 9. முதியவர்கள் இருவருக்கும் தனிக் குடும்ப அட்டை இருந்தது. பின்னால் இது உதவியது.

2024 ஆடி: மயக்கம்

ஆடி வெள்ளி. அம்மா விரதம். பகலில் கோயிலில் ஊற்றிய கூழ் ஒரு டம்ளர், இரவில் இரண்டு வாழைப்பழம். மாத்திரைகளை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். "சாப்பாட்ட விட்டாலும் மாத்திரய விடக் கூடாது" என்று யாரோ சொன்னது அவர் மனதில் பதிந்திருந்தது.

சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு நைட்டி வேர்வையில் நனைந்து, கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் கிடந்தார். மருமகள் சூடாகக் காபி போட்டு வாயில் ஊற்றப் பார்த்தார், பாதி வெளியே வழிந்தது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முழு நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். இது அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித் தரப்படவில்லை.

ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத்தான் கிளம்பினார்கள். சரக்கு ரயிலுக்காக கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கமே இருந்த ஒரு தனியார் நர்சிங் ஹோமில் இறக்கினார்கள். இரத்தச் சர்க்கரை 41. நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் சில நிமிடங்களில் கண் திறந்தார். இரண்டு இரவு அங்கே வைத்திருந்தார்கள். அதில் தவறில்லை. சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையால் (கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை) வந்த தாழ்சர்க்கரை, அதுவும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வந்தால், ஒரு நாளைக்கு மேலும் திரும்பத் திரும்ப வரும். குளுக்கோஸ் ஏற்றினவுடன் வீட்டுக்கு அனுப்புவதுதான் ஆபத்து.

பில் 38,400 ரூபாய். அந்த இடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் இல்லை. அம்மாவின் ஒன்றரைப் பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. 40,000 ரூபாய் கடன், மாதம் 800 ரூபாய் வட்டி.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் "பழைய மாத்திரைகளைத் தொடரவும்" என்று இருந்தது. எந்தப் பழைய மாத்திரைகள் என்று அங்கே யாரும் பார்க்கவில்லை.

பையைக் கொட்டிப் பார்த்தது

இரண்டு வாரம் கழித்து, தெருவில் இரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது இந்த வீடு தெரியவந்தது. முதல் வேலையாக நாங்கள் கேட்டது ஒன்றுதான்: வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையும் வேண்டும். இப்போது போடுவது, நிறுத்தியது, அலமாரி மேலே இருப்பது, பக்கத்து வீட்டில் வாங்கியது, எல்லாம். ஒரு மஞ்சப்பையும் ஒரு பிஸ்கட் டப்பாவும் வந்தன. தரையில் பேப்பர் விரித்துக் கொட்டினோம். 23 அட்டைகள். 5 காலாவதியானவை. 4 அட்டைகளில் பெயரே இல்லை. மெடிக்கலில் வெட்டிக் கொடுத்தபோது பெயரும் தேதியும் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிட்டது.

பெயரை வைத்துப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் மருந்தை வைத்துப் பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பேத்தி அட்டையில் இருந்த ஆங்கில எழுத்தைப் படிக்கப் படிக்க மருந்தாளுநர் குவியல் போட்டார்.

தெருமுனை கிளினிக் கொடுத்தது: கிளைமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 சேர்ந்த மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. வண்ணாரப்பேட்டையில் இன்னொரு கிளினிக் கொடுத்தது: கிளைமிபிரைடு 1 மி.கி., மெட்ஃபார்மின் 500, வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்தது, அதுவும் இரண்டு வேளை. பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் வீட்டில் இரண்டையும் வேறு வேறு மருந்து என்றே நினைத்தார்கள். ஆக ஒரு நாளைக்குக் கிளைமிபிரைடு 6 மி.கி., மெட்ஃபார்மின் 2,000 மி.கி. இது போதாதென்று, பிஸ்கட் டப்பாவில் இருந்த பழைய கிளிபென்கிளமைடு 5 மி.கி. மாத்திரையை "சுகர் ஏறின மாதிரி" தோன்றும் நாட்களில் தானாகவே போட்டுக்கொண்டார். உடலில் நீண்ட நேரம் தங்குவதால் முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்து அது.

இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், அம்லோடிபின் சேர்ந்த மாத்திரை. கூடவே எப்போதோ வாங்கிய எனாலாப்ரில். டெல்மிசார்டனும் எனாலாப்ரிலும் உடலில் அழுத்தத்தை ஏற்றும் ஒரே வழியைத் தடுப்பவை. சேர்ந்தால் அழுத்தம் கொஞ்சம்தான் கூடுதலாக இறங்கும், ஆனால் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் கெடும்.

கடைசியாக, சின்னக் காகிதப் பொட்டலம் இரண்டு. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் 30 ரூபாய்க்குக் கொடுக்கும் 'வலி செட்டு'. ஒவ்வொன்றிலும் மூன்று வேளைக்கான உதிரி மாத்திரைகள். மாதத்தில் பத்து பொட்டலம். வாங்கிய கடையிலேயே கேட்டோம். வலி மாத்திரை அசிக்ளோஃபெனாக், கூட இருக்கும் சின்ன வெள்ளை மாத்திரை டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு.

ஒன்றிலிருந்து ஒன்று

இந்த 30 ரூபாய்ப் பொட்டலத்தைச் சாதாரணச் செலவாக எண்ண முடியாது. ஸ்டீராய்டு வலியை உடனே அடக்கும், சர்க்கரையையும் ஏற்றும். பொட்டலம் போட்ட வாரத்தில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 310 வந்தது. பயந்துபோன மகன் அம்மாவை வண்ணாரப்பேட்டைக்கு அழைத்துப் போனார். அங்கே இரண்டாவது சர்க்கரை மாத்திரை சேர்ந்தது, மாதம் 840 ரூபாய். வலி மாத்திரையால் வயிறு எரிந்தது, பாண்டோபிரசோல் சேர்ந்தது, 360 ரூபாய். வலி மாத்திரையும் எனாலாப்ரிலும் டெல்மிசார்டனும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தளர்த்தின. தளர்ந்த சிறுநீரகத்தால் கிளைமிபிரைடை வேகமாக வெளியேற்ற முடியவில்லை. கோயில் விரதம் என்று அந்த வாரம் வலி செட்டு வாங்கவில்லை. ஏற்றிக்கொண்டிருந்த ஸ்டீராய்டு இல்லை, இறக்கும் மாத்திரை மட்டும் இரண்டு கிளினிக்கிலிருந்தும், வயிற்றில் கூழும் வாழைப்பழமும். அப்படித்தான் 41 வந்தது.

நர்சிங் ஹோமில் எடுத்த ஹெச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 7.1 சதவீதம். தெருமுனை கிளினிக்கில் அதைப் பார்த்துவிட்டு "நல்ல கன்ட்ரோல்" என்றார்கள். பல நோய்களுள்ள இந்த வயதினருக்கு 8க்குக் கீழே இருந்தாலே போதும். 310க்கும் 41க்கும் நடுவே ஊசலாடும் சர்க்கரைக்கும் சராசரி அழகாகத்தான் வரும்.

மாதச் செலவு, 2024 ஜூலை

அம்மாவுக்கு: முதல் சர்க்கரை மாத்திரை 570, இரண்டாவது 840, அழுத்த மாத்திரை 360, கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாட்டின் 180, கால் எரிச்சலுக்கு 'நரம்பு மாத்திரை' 540, பாண்டோபிரசோல் 360, கால்சியம் 240, சர்க்கரை நோயாளிகளுக்கான சத்துப் பவுடர் ஒரு டின் 690, வலி செட்டு 300. கூட்டினால் 4,080.

பெரியவருக்கு: இன்ஹேலர் கேப்ஸ்யூல் 420, இருமல் டானிக் 240, கிளினிக்கில் புகை (நெபுலைசர்) வைக்க நான்கு தடவை 600, அழுத்த மாத்திரை 90. மொத்தம் 1,350.

இரண்டு கிளினிக் ஃபீஸ் 600, ரத்தப் பரிசோதனை 320, ஆட்டோ 480.

ஆக 6,830 ரூபாய். அடகு வட்டி 800 இதில் சேரவில்லை. வருமானத்தில் நூற்றுக்கு 27 ரூபாய்க்கு மேல். இதில் நோய்க்கென்று போனது எவ்வளவு, தப்பான மருந்தைச் சரிசெய்யவும் பயனில்லாததை வாங்கவும் போனது எவ்வளவு என்று தனித்தனியாகக் கூட்டினோம். இரண்டாம் சர்க்கரை மாத்திரை, பாண்டோபிரசோல், வலி செட்டு, பவுடர், கால்சியம், டானிக், புகை, இரண்டாம் கிளினிக் ஃபீஸ், இவை மட்டுமே 3,570. பாதிக்கு மேல்.

அரசு மருந்தை ஏன் விட்டார்கள்

இலவச மருந்து அவர்களுக்குத் தெரியாததல்ல. 2019 வரை அங்கேதான் வாங்கினார்கள். விட்டதற்கு மூன்று காரணங்களைச் சொன்னார்கள். மூன்றும் நியாயமானவை என்பதே எங்கள் கருத்து.

முதலாவது கூலி. பெரிய அரசு மருத்துவமனையில் காலை ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வரப் பகல் ஆகிவிடும். அம்மாவால் தனியாக வரிசையில் நிற்க முடியாது. மகன் கூடப் போனால் 700 ரூபாய் கூலி போகும். தெருமுனை கிளினிக் இரவு 9 வரை திறந்திருக்கும், ஃபீஸ் 300. அந்தக் கணக்கில் தனியார்தான் மலிவு. 'இலவசம் இருந்தும் போகமாட்டேன் என்கிறார்கள்' என்று ஏழைகளைக் குறை சொல்வோர் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இரண்டாவது மாத்திரையின் தோற்றம். டெண்டரில் கம்பெனி மாறும்போது நிறமும் அளவும் மாறும். "போன மாசம் வெள்ள, இந்த மாசம் ரோஸு. மாத்திட்டாங்க போல" என்று ஒன்று நிறுத்திவிடுவார், அல்லது பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுவார்.

மூன்றாவது நம்பிக்கை. "துட்டு குடுக்காம வாங்குன மாத்திர எப்டிம்மா கேக்கும்?"

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் அவர் பெயர் இருந்தது, பழைய முகவரியில். 2022இல் வீடு மாறியபோது யாரும் சொல்லவில்லை. புதிய தெருவின் பட்டியலில் அவர் இல்லை.

என்ன முடிவுகள், ஏன்

மருந்தைக் குறைப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனை. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.6, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 35, பொட்டாசியம் 5.6, சிறுநீரில் புரதம் இருந்தது. இந்த எண்கள் இல்லாமல் எதையும் தொட்டிருக்க முடியாது. 35 என்றால் மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1,000 மி.கி.க்கு மேல் கூடாது.

அன்றே நிறுத்தியவை: வலி செட்டு, கிளிபென்கிளமைடு, எனாலாப்ரில், இரண்டாம் சர்க்கரை மாத்திரை. ஸ்டீராய்டைத் தினமும் எடுத்திருந்தால் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இவர் விட்டு விட்டு எடுத்தவர் என்பதை உறுதி செய்துகொண்டபின் நிறுத்தினோம். சோர்வோ வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் உடனே சொல்லும்படி சொல்லியிருந்தோம், வரவில்லை. பொட்டாசியம் இறங்கும்வரை டெல்மிசார்டனையும் இரண்டு வாரம் நிறுத்தி, அம்லோடிபின் மட்டும். அந்த இரண்டு வாரம் அழுத்தம் 158/88 வரை போனது. பொட்டாசியம் 4.7க்கு வந்ததும் டெல்மிசார்டன் 40 மி.கி. திரும்பச் சேர்ந்தது. சிறுநீரில் புரதம் போகும் சர்க்கரை நோயாளிக்கு அந்த வகை மருந்து ஒன்று கட்டாயம் வேண்டும், இரண்டு கூடாது.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, கிளைமிபிரைடு 1 மி.கி. காலை மட்டும். வலி மருந்து போனதால் பாண்டோபிரசோலும் போனது. முழங்காலுக்குப் பாராசிட்டமால், தொடைத் தசைக்குப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, 10 எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை, காலையும் மாலையும். முதல் மூன்று வாரம் அம்மா எங்கள்மேல் கோபமாகத்தான் இருந்தார். வலி செட்டு தந்த சுகத்தைப் பாராசிட்டமால் தராது. அதை மறைக்காமல் முன்பே சொல்லியிருந்ததால் மட்டுமே பொறுத்துக்கொண்டார் என்று நினைக்கிறோம்.

'நரம்பு மாத்திரை'யையும் தள்ளிவிட நினைத்தோம். நல்லவேளை, பி12 பார்த்தோம், குறைவாக இருந்தது. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு இது வரும், கால் எரிச்சலை அதிகமாக்கும். ஆகவே மெத்தில்கோபாலமினும் (பி12இன் ஒரு வகை) நரம்பு எரிச்சலைக் குறைக்கும் ப்ரீகாபாலினும் தொடர்ந்தன, ஆனால் மருந்தின் பொதுப்பெயரில் வாங்கும் மலிவான வகை. 540 ரூபாய் 150 ஆனது.

அரசு மருந்துக்குத் திரும்புவதில் நேரம்தான் முடிச்சு. மாலையிலும் இயங்கும் நகர்ப்புற நலவாழ்வு மையத்தில் பதிவு செய்தோம். மருமகள் வேலை முடிந்து வந்து 5 மணிக்கு அழைத்துப் போகலாம். யாருக்கும் கூலி போகாது. மெட்ஃபார்மின், கிளைமிபிரைடு, அம்லோடிபின், அட்டார்வாஸ்டாட்டின், பாராசிட்டமால் அங்கிருந்து. மீதியை மத்திய அரசுத் திட்டத்தின் மலிவு விலைக் கடையான மக்கள் மருந்தகத்தில் வாங்குவது. மக்களைத் தேடி மருத்துவத்தில் முகவரியை மாற்றினோம்.

நம்பிக்கை பேச்சால் வரவில்லை. தனியார் அட்டையையும் அரசு அட்டையையும் பக்கத்தில் வைத்து, பேத்தியை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னோம். "ஆயா, ரெண்டுலயும் மெட்ஃபார்மின்தான்" என்றாள். பிறகு இரண்டு வாரம் கழித்து அரசு மாத்திரையில் எடுத்த சர்க்கரை: வெறும் வயிற்றில் 118, சாப்பாட்டுக்குப் பின் 172. அதன்பிறகு அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

நிறக் குழப்பத்துக்குப் பழைய மருந்துக் கவர்களே உதவின. ஒரு கவரில் சூரியன், ஒன்றில் நிலா. கவர்மேல் மருந்தின் உள்பெயரைத் தமிழில் பெரிதாக எழுதியது. புது அட்டை வந்தால் கவரில் உள்ள பெயரோடு பேத்தி ஒப்பிட்ட பின்தான் உள்ளே போடலாம் என்று ஒரு விதி.

பெரியவரின் இன்ஹேலர்

அவர் மாதம் நான்கு தடவை புகை வைக்கப் போனதன் காரணம், மருந்தை எடுக்கச் சொல்லிப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு கேப்ஸ்யூலை எடுத்தார், வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார். கருவி ஐந்து மாதம் முன்பு உடைந்துவிட்டதாம். அந்தப் பொடி நுரையீரலுக்குள் போக வேண்டியது, வயிற்றுக்குள் போய் மூச்சுத்திணறலுக்குப் பயனில்லை. ஐந்து மாதத்தில் 2,100 ரூபாய் மருந்து விழுங்கப்பட்டிருந்தது.

புதுக் கருவி வாங்கி முறையைக் காட்டினோம். கேப்ஸ்யூலைப் பொருத்தித் திருகி உடைப்பது. கருவியை விட்டு முகத்தைத் திருப்பி மூச்சை முழுக்க வெளியே விடுவது. கருவியின் வாயைச் சுற்றி உதட்டை இறுக்கி மூடி, வேகமாக, ஆழமாக இழுப்பது. பத்து எண்ணும்வரை அடக்குவது. உள்ளே பொடி மிச்சமிருந்தால் இன்னொரு இழுப்பு. கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்புவது, இல்லையென்றால் வாயில் வெள்ளை படரும். ஒரு தடவை காட்டினால் போதாது. மூன்று சந்திப்பில் மூன்று தடவையும் அவரே செய்து காட்டினார். மூன்றாவதில்தான் சரியாக வந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்ததால் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் அரசு மருத்துவமனையில் இலவசமாக எடுத்தோம். காசநோய் இல்லை. பீடி ஒரு நாளைக்குப் பன்னிரண்டிலிருந்து நான்குக்கு வந்தது, முழுக்க நிற்கவில்லை.

காப்பீட்டு அட்டை

வீட்டில் எல்லோரும் அந்த அட்டையை நம்பிக்கொண்டிருந்தார்கள், ஆனால் எதற்கு உதவும் என்று தெரியவில்லை. ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அது உதவாது. நாள்பட்ட நோய் முதியவர்களை அரிப்பது மாத்திரையில்தான், படுக்கையில் அல்ல. படுக்கை வரும்போது மொத்தமாக வருகிறது, மாத்திரை மாதாமாதம் வருகிறது.

ஆனாலும் அட்டை சரியாக இருக்க வேண்டும். அவர்களுடையது பழையது, அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, அட்டையில் ஒரு மாதிரி. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருப்பவர்களுக்கான திட்டம் இது. தனிக் குடும்ப அட்டை இருந்ததால் முதியவர்கள் இருவரின் பெயரில் வருமானச் சான்று பெற முடிந்தது. ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் திருத்தினார்கள். வீட்டுச் சுவரில் 108 என்றும், பட்டியலில் உள்ள அருகிலுள்ள இரண்டு மருத்துவமனைகளின் பெயரும், கேட் மூடியிருந்தால் போகவேண்டிய வழியும் எழுதி ஒட்டினோம்.

சறுக்கியது

நவம்பரில் விடியற்காலையில் 68, 71 என்று இரண்டு தடவை வந்தது. கிளைமிபிரைடு 1 மி.கி.யும் அவருக்கு அதிகம். அதை மாற்றுவதற்குள் மழை வந்துவிட்டது.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். மருந்து வாங்கும் நாள் டிசம்பர் 2. ஒன்பது நாள் போக முடியவில்லை, வீட்டில் இருந்தது மூன்று நாள் மருந்து. சர்க்கரை 280. மகன் பயந்து தெருமுனை கிளினிக்குக்கே போனார். அங்கே எங்கள் மாற்றங்கள் எதுவும் தெரியாது, பழைய கலவை மாத்திரை திரும்ப வந்தது. நான்காம் நாள் பேத்தி கவரோடு ஒப்பிடும்போது "இதுலயும் கிளைமிபிரைடு இருக்கே" என்று கண்டுபிடித்தாள்.

ஜனவரியில் கிளைமிபிரைடை அடியோடு நிறுத்தி சிட்டாகிளிப்டின் 50 மி.கி. தொடங்கினோம். தனியாகவோ மெட்ஃபார்மினோடோ எடுத்தால் அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. இவருடைய சிறுநீரக நிலைக்கு 100 அல்ல, 50தான். 2022இல் காப்புரிமை முடிந்தபின் விலை விழுந்த மருந்து இது. மக்கள் மருந்தகத்தில் மாதம் 180 ரூபாய். 2025 பிப்ரவரி 24இல் முதல்வர் மருந்தகங்கள் திறந்தபின் வாங்க இன்னொரு இடமும் கிடைத்தது.

அடகுக் கடனையும் இதற்கிடையே மாற்றினோம். மாதம் 2 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 24. கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வட்டி அதில் பாதிக்கும் குறைவு. நகையை மீட்கும் 40,000 முதலில் கையில் வேண்டும் என்பதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். மகனின் முதலாளி ஒரு பகலுக்கு மட்டும் கைமாற்றாகக் கொடுத்தார். காலையில் மீட்டு, மதியம் வங்கியில் வைத்து, மாலையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஓராண்டுக்குப் பின், 2025 ஆகஸ்ட்

மாதச் செலவு 1,870 ரூபாய். டெல்மிசார்டன் 40, சிட்டாகிளிப்டின் 180, பி12 60, ப்ரீகாபாலின் 90, இன்ஹேலர் 240, குளுக்கோமீட்டர் பட்டை 225, ஆட்டோ 240, தெருமுனை கிளினிக் 300, புகை 150, பவுடர் 345. மற்ற மருந்தும் பரிசோதனையும் இலவசம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் அம்மாவுக்குக் கட்டணமில்லை, பெரியவருக்கு மூத்த குடிமக்கள் டோக்கன் உண்டு. ஆனால் படி உயரம், முழங்கால் ஏறாது. ஆட்டோச் செலவு நிற்கவில்லை.

கிரியாட்டினின் 1.3, வடிகட்டும் திறன் 45, ஹெச்.பி.ஏ.1சி 7.6, அழுத்தம் 136/78. மருத்துவமனைப் படுக்கை இருவருக்கும் ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. வங்கிக் கடனில் அசல் 22,000 மிச்சம்.

பவுடரை மீஞ்சூரில் இருக்கும் மகள் வாங்கி வருகிறார், பாதிக் காசை வீட்டில் வாங்கிக்கொள்கிறார். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது வேண்டாதது. மகள் கொண்டுவருவதை அம்மா மறுக்கமாட்டார். அதற்குப் பதில் பச்சைப்பயறும் முட்டையும் வாங்கி வரச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எதை மாற்றிச் செய்வோம்

தெருமுனை கிளினிக் மருத்துவரிடம் முதல் வாரமே பேசியிருக்க வேண்டும். டிசம்பர் சறுக்கலுக்குப் பின்தான் மருந்துப் பட்டியலையும் சிறுநீரக எண்களையும் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தோம். ஐந்து நிமிடத்தில் படித்துவிட்டு ஒத்துக்கொண்டார். இப்போது மாதம் ஒருமுறை அவரே அழுத்தம் பார்க்கிறார். குடும்பம் பத்து வருடமாக நம்பும் மருத்துவரை ஒதுக்கிவிட்டுத் திட்டம் போட்டது எங்கள் தவறு.

திட்டத்தை முதலில் மகனிடம் விளக்கினோம், பணம் அவர் கையில் என்பதால். மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் மருமகள், அட்டையைப் படிப்பவள் பேத்தி. அவர்களிடம் சொன்ன பிறகே ஒழுங்கு வந்தது.

மழைக்காலத்துக்குப் பத்து நாள் கூடுதல் மருந்தை அக்டோபர் தொடங்கும் முன்பே சேர்க்க வேண்டும். வடசென்னையில் இது ஊருக்கே தெரிந்த விஷயம். அரிசியும் மண்ணெண்ணெயும் சேர்த்தவர்கள் இந்த மக்கள். மாத்திரையை அந்தப் பட்டியலில் சேர்க்க நாங்கள்தான் மறந்தோம். 2025 மழைக்கு மூடி இறுக்கமான டப்பா ஒன்றில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைப்பதாக முடிவு.

2025 ஆடி வெள்ளிகளில் அம்மா விரதத்தை விடவில்லை, விடச் சொல்லவும் இல்லை. கூழோடு மோரும் கொஞ்சம் சுண்டலும், இரவில் இரண்டு இட்லி என்று பேசி வைத்தோம். விரத நாள் விடியற்காலைகளில் மருமகள் எடுத்த நான்கு அளவுகள்: 112, 104, 121, 109.

ஜனவரியில் செய்த கண் பரிசோதனையில் விழித்திரையில் ஆரம்பக் கட்ட மாற்றமும் வலக்கண்ணில் புரையும் தெரிந்தன. புரை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம். தை மாதத்தில் தங்கை மகள் கல்யாணம் முடியட்டும் என்று அம்மா தள்ளி வைத்திருக்கிறார்.